விட்டு விட்டு எரியும் விளக்கு

கார் என்பது செல்வர்தம் ஆடம்பரம் என்று எண்ணப்பட்ட காலம் மறைந்து போயிற்று. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், மலையடிவாரத்தில் அமைந்துள்ள தீர்த்தமலை போன்ற ஊர்களிலும் இன்று அது குடும்பத் தேவைகளுள் ஒன்றாகிவிட்டது. நள்ளிரவில் பேறுகால வலி கண்ட பெண்ணை அரூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்கும், நோயுற்ற முதியோரைத் தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும், நடக்க இயலாத பாட்டியை ஞாயிறு திருப்பலிக்கு ஏற்றிச் செல்வதற்கும் கார் வேண்டியிருக்கிறது. சொந்தமாகக் கார் இல்லாதவர்க்கும் ஊரில் வாடகைக்கு ஓடும் ஒரு கார் கைகொடுக்கிறது.

அத்தகைய கார் ஒன்றை ஓட்டிப் பிழைக்கும் ஓர் ஓட்டுநரை எண்ணிக்கொள்வோம். கடன் பெற்று, பிறர் ஓட்டிய காரை வாங்கியவர் அவர். மேட்டில் ஏறும்போது அவர்தம் கண்முன்னே இருக்கும் பலகையில் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு எரிகிறது. சமதரைக்கு வந்ததும் அணைந்துவிடுகிறது. இரண்டு நாள்கள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மீண்டும் எரிகிறது. பட்டறைக்குக் கொண்டு போனால் அங்கே எரிவதில்லை. "ஒன்றும் இல்லை, ஓட்டுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பட்டறையில் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. நாளையோ, ஒரு குடும்பத்தைத் தொப்பூர்க் கணவாய் வழியே சேலத்திற்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறார். அவர் என் செய்வார்?

எப்போதும் எரியும் விளக்கைப் பற்றி ஐயமில்லை; அதற்குப் பரிகாரம் தேடியே ஆக வேண்டும். ஒருபோதும் எரியாத விளக்கைப் பற்றிக் கவலையில்லை. விட்டு விட்டு எரியும் விளக்கே மனிதனைச் சோதிக்கிறது. எரியும்போது அச்சம், அணைந்ததும் மறதி. இந்த அச்சத்திற்கும் மறதிக்கும் இடையே அறிவோடு நடந்துகொள்ளும் வழி யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்கின் பின்னே இருப்பது

பழைய அம்பாசிடர், பியட் கார்களின் காலத்தில் எச்சரிக்கை விளக்குகள் ஒன்றிரண்டே இருந்தன. ஆயில் அழுத்தம் குறைந்தால் ஒன்று எரியும். பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லையென்றால் மற்றொன்று எரியும். அழுத்தத்தை அறியும் ஒரு சுவிட்சு, ஓர் ஒயர், ஒரு பல்பு, இவ்வளவே அதன் அமைப்பு.

இன்றைய காரின் அமைப்பு வேறு. எஞ்சினிலும் சக்கரங்களிலும் சைலன்சர்க் குழாயிலும் பதிக்கப்பட்ட பல சென்சார்கள், வெப்பம், அழுத்தம், வேகம், காற்றின் அளவு ஆகியவற்றை ஒரு சிறு கணினிக்கு இடைவிடாது தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. அக்கணினி தனக்குக் கிடைக்கும் அளவுகளை, இருக்க வேண்டிய அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறுபாடு கண்டால் அதற்குரிய குறியெண்ணை நினைவில் பதித்துக்கொண்டு, விளக்கை ஏற்றுகிறது. புகையால் காற்று மாசுபடுவதைத் தடுப்பதற்கென்றே இந்த ஏற்பாடு முதலில் சட்டமாக்கப்பட்டது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதற்கொண்டு எல்லாக் கார்களுக்கும் ஒரே வகையான சோதனை இணைப்பும் குறியெண்களும் கட்டாயமாயின. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் பி.எஸ்.4 விதிகள் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது இதன் முதற்படியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியும் புகுத்தப்பட்டன. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ்.6 விதிகள் வந்தபின் காரின் கண்காணிப்பு மேலும் நுட்பமாயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். விளக்கு எரிவது நோயன்று. நோயைப் பற்றி வந்த ஒரு செய்தி. தீர்த்தமலையில் பாறையிடுக்கிலிருந்து சொட்டும் நீரை நாம் காண்கிறோம். அந்நீர் மலையின் உள்ளே எவ்வழியாக வந்தது என்பதைக் காண்பதில்லை. விளக்கும் அத்தகையதே. வெளியே தெரிவது துளி. ஊற்று உள்ளே இருக்கிறது.

ஏன் எரிந்து எரிந்து அணைகிறது?

இதற்கு இரு வகைக் காரணங்கள் உண்டு. ஒன்று, கோளாறே விட்டு விட்டு நேர்வது. மற்றொன்று, கோளாறு இருந்துகொண்டே இருப்பினும் கணினியின் விதிமுறையால் விளக்கு அணைவது.

முதல் வகையைப் பார்ப்போம். ஒயர்கள் ஒன்றோடொன்று சேரும் கனெக்டர்கள் நாளடைவில் தளர்ந்துவிடுகின்றன. மழைநீர் புகுந்து பச்சைக் களிம்பு ஏறுகிறது. பாடியோடு இணைக்கப்படும் எர்த் ஒயரின் அடியில் துரு பிடிக்கிறது. வண்டி குலுங்கும்போது தொடர்பு அறுபடுகிறது. குலுக்கம் நின்றதும் மீண்டும் சேர்ந்துகொள்கிறது. எஞ்சின் சூடேறும்போது உலோகம் விரிந்து பிளவு உண்டாகிறது. ஆறியதும் அது மூடிக்கொள்கிறது. வைக்கோற்போர் அருகிலோ களத்துமேட்டிலோ நிறுத்தப்படும் வண்டிகளுக்கு எலித் தொல்லையும் உண்டு. எலி கடித்து மேலுறை போன ஒயர், ஈரமான நாளில் மட்டும் தன் குறையைக் காட்டும். பேட்டரி வலுவிழந்திருந்தால், ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மின் அழுத்தம் தாழ்ந்து, தொடர்பில்லாத பல விளக்குகள் ஒருங்கே எரிவதும் உண்டு.

கோளாறு சிறிதாயினும் திரவத்தின் அசைவால் அது வந்து வந்து மறைவதும் உண்டு. பிரேக் ஆயில் கலத்தினுள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் மட்டம் சற்றே குறைந்திருக்குமானால், வளைவில் திரும்பும்போதும் சரிவில் இறங்கும்போதும் ஆயில் ஒருபுறமாக ஒதுங்கி மிதவை தாழ்கிறது. சிவப்பு விளக்கு கண்சிமிட்டுகிறது. சமதரையில் ஒன்றும் தெரிவதில்லை. சித்தேரி மலைப் பாதையிலோ, 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டுப் பாதையிலோ இறங்கும்போது மட்டும் விளக்கு எரிகிறதென்றால், அஃது அப்பாதையின் குற்றமன்று. பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கலாம். எங்கேனும் கசிவு இருக்கலாம்.

டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் விளக்கு வானிலைக்கேற்ப நடந்துகொள்ளும். வெப்பம் ஏறத்தாழ 5 அல்லது 6 செல்சியஸ் பாகை குறைந்தால் டயரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறைகிறது. மார்கழி மாதத்து விடியற்காலையில் எரிந்த விளக்கு, வெயில் ஏறியபின் அணைவதன் மருமம் இதுவே. காற்று ஏற்கெனவே விளிம்பளவில் குறைந்திருக்கிறது என்பது அதன் பொருள்.

இனி இரண்டாம் வகை. எஞ்சின் வடிவில் இருக்கும் மஞ்சள் விளக்கைப் பொறுத்தவரை, கணினி எடுத்த எடுப்பில் கூக்குரலிடுவதில்லை. பெரும்பாலான கோளாறுகளை அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் கண்டால்தான் அது விளக்கை ஏற்றுகிறது. அதன்பின் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அக்கோளாறு காணப்படாவிடில் விளக்கைத் தானே அணைத்துவிடுகிறது. ஆயினும் குறியெண்ணை உடனே மறப்பதில்லை. எஞ்சின் சுமார் 40 முறை சூடேறி ஆறும் வரை அதனை நினைவில் வைத்திருக்கிறது. கோளாறு நேர்ந்த கணத்தில் வண்டியின் வேகம் என்ன, எஞ்சினின் வெப்பம் என்ன, சுமை என்ன என்பதையும் ஒரு நிழற்படம் போலப் பதிந்து வைக்கிறது. ஆகவே, விளக்கு அணைந்தவுடன் "சரியாகிவிட்டது" என்று மகிழ்வது தவறு. விளக்கு மறந்தாலும் கணினி மறக்கவில்லை.

நிறங்களின் மொழி

இவ்விளக்குகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. நிறத்தைக் கொண்டே முதல் முடிவை எடுக்கலாம். சிவப்பு என்றால் உடனே நில். மஞ்சள் என்றால் விரைவில் கவனி. பச்சையும் நீலமும் செய்தி மட்டுமே.

சிவப்பில் தலையாயது எண்ணெய்க் குப்பி வடிவிலான விளக்கு. இது ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுவதன்று. வண்டி சூடேறி நிற்கையில் இவ்விளக்கு மினுக்கினாலும், வளைவில் ஒரு நொடி எரிந்து அணைந்தாலும், அதனைப் பொருட்படுத்தாது ஓட்டுதல் ஆகாது. ஆயில் குறைந்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, சமதரையில் சில நிமிடம் பொறுத்து, அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் இல்லாமற் சில நிமிடங்கள் ஓடினாலும் எஞ்சின் பாழாகிவிடும். நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையில் எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணைகிறது. காரிலோ எண்ணெய் தீர்ந்தால்தான் விளக்கு எரிகிறது. படிப்பினை ஒன்றே.

வெப்பமானி வடிவிலான சிவப்பு விளக்கு எஞ்சின் கொதிப்பைக் காட்டுவது. நிறுத்தி ஆறவிடுக. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது கைகளையும் முகத்தையும் வேகவைத்துவிடும். பிரேக் விளக்கு எரிந்தால், கைப்பிரேக் முழுதும் விடுபட்டிருக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். விடுபட்டிருந்தும் எரிந்தால் ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆயிலை ஊற்றி விளக்கை அணைப்பதோடு நின்றுவிடலாகாது. குறைந்தது ஏன் என்று கண்டறிவதே மருத்துவம். பிரேக் மிதி கீழே அமிழ்ந்து போகிறதென்றால், அவ்வண்டி அவ்விடத்திலிருந்து நகரவே கூடாது.

மஞ்சள் விளக்குகளுள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் இயல்பாக ஓடுமானால், மெதுவாக வீடு சேரலாம். சில நாள்களுக்குள் சோதிக்கலாம். ஆனால் அதே விளக்கு கண்சிமிட்டினால் கதை வேறு. எரியாத பெட்ரோல் சைலன்சர்க் குழாய்க்குள் சென்று, அங்குள்ள புகை தூய்மைப்படுத்தும் கலத்தைச் சூடேற்றிச் சிதைக்கிறது என்பது பொருள். வேகத்தையும் சுமையையும் உடனே குறைத்து, அண்மையிலுள்ள பட்டறையை நாட வேண்டும். ஸ்பார்க் பிளக்கோ காயிலோ மாற்றுவதோடு முடிய வேண்டிய செலவு, அசட்டையால் பன்மடங்காகும்.

ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தால், வழக்கமான பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈரச் சாலையில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாது தடுக்கும் காவல் இராது. சக்கரத்தருகே உள்ள சென்சாரில் சேறு படிந்தாலும் இவ்விளக்கு வந்து போகும். ஏர்பேக் விளக்கு, இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும்போது எரிந்து அணைவதுண்டு. இருக்கைக்கடியில் உள்ள இணைப்பு தளர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். ஏர்பேக் வெடிபொருளால் விரியும் கருவியாதலின் அவ்விணைப்பில் தாமாகக் கைவைத்தல் தகாது.

டீசல் பி.எஸ்.6 கார் வைத்திருப்போர்க்கு ஒரு தனிக் குறிப்பு. அவ்வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது அக்கரி தானே எரிந்து போகும். ஊருக்குள்ளேயே குறுந்தொலைவு ஓடும் வண்டியில் அது எரிவதற்கு வாய்ப்பின்றிச் சேர்ந்துகொண்டே போகும், விளக்கும் எரியும். காரோடு கொடுக்கப்பட்ட கையேட்டில் கூறியபடி சிறிது நேரம் நிற்காமல் சீராக ஓட்டினால் பெரும்பாலும் அணையும். அணையாவிடில் பட்டறைக்குச் செல்வதே முறை.

குறிப்பேடு ஒன்று போதும்

விட்டு விட்டு வரும் நோயைக் கண்டறிவதற்கு மருத்துவர் முதலிற் கேட்பது என்ன? எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்பவைதாமே! காருக்கும் இதுவே பொருந்தும். பட்டறையில் விளக்கு எரியாதபோது, மெக்கானிக்கின் கையில் சான்று ஏதும் இல்லை. அச்சான்றைக் கொடுக்க வல்லவர் ஓட்டுநர் ஒருவரே.

ஆகவே காரில் ஒரு சிறு குறிப்பேடும் பேனாவும் இருக்கட்டும். விளக்கு எரிந்த நாள், நேரம், ஓடிய கிலோமீட்டர், எந்த விளக்கு, நிலையாக எரிந்ததா சிமிட்டியதா, எஞ்சின் சூடா குளிர்ச்சியா, மேடா சரிவா வளைவா, மழையா வெயிலா, ஏ.சி. ஓடிற்றா, வண்டியில் எத்தனை பேர், அண்மையில் எங்கே எரிபொருள் நிரப்பப்பட்டது என்பவற்றை, வண்டியை நிறுத்தியபின் எழுதி வைக்க வேண்டும். உடன் வருபவர் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கலாம். ஓட்டுபவர் அதனைச் செய்யலாகாது. நான்கைந்து குறிப்புகள் சேர்ந்ததும் ஓர் ஒழுங்கு தென்படும். "காலையில் மட்டும்", "மழைக்குப் பின் மட்டும்", "இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்" என்பன போன்ற ஒரு சொற்றொடர், பட்டறையில் பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஸ்கேனர் என்னும் கருவியை இணைத்ததும் கணினி தன் குறியெண்ணைச் சொல்லும். அவ்வெண்ணை அழிப்பதற்கு முன் எழுதித் தருமாறு கேட்டுப் பெறுக. கோளாற்றுக் கணத்தின் பதிவையும் பார்க்கச் சொல்லுக. இன்னும் விளக்கை ஏற்றாது ஐயநிலையில் வைக்கப்பட்டுள்ள எண்களும் கணினியில் இருக்கக்கூடும். விட்டு விட்டு வரும் கோளாற்றுக்கு அவையே நல்ல தடயம்.

குறியெண் சுட்டுவது ஒரு பகுதியையே தவிர, மாற்ற வேண்டிய ஒரு பொருளை அன்று. சென்சாரின் பெயர் வந்தால் அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்று உடனே பொருள் கொள்வது பிழை. அதற்குச் செல்லும் ஒயரோ, கனெக்டரோ, எர்த்தோ குற்றவாளியாக இருக்கலாம். அல்லது சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஊகத்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்களை மாற்றிக்கொண்டே போனால் பணம் கரையும், விளக்கு மறையாது. நல்ல மெக்கானிக் முதலில் பேட்டரியையும் எர்த் இணைப்புகளையும் சோதிப்பார். எஞ்சின் ஓடும்போதே கனெக்டர்களை மெல்ல அசைத்துப் பார்ப்பார். தேவையாயின் ஓட்டுநருடன் அதே சாலையில் ஒருமுறை சென்று வருவார். அத்தகைய உழைப்புக்குரிய கூலியை முகங்கோணாது கொடுப்பது நம் கடமை. பொருளுக்கு விலை தருவோம், அறிவுக்குத் தரமாட்டோம் என்பது நியாயமன்று.

விளக்கைப் பற்றிய மூன்று பாடங்கள்

1972 டிசம்பர் 29 அன்று நியூயார்க்கிலிருந்து மயாமி நகருக்குச் சென்ற ஈஸ்டர்ன் விமான நிறுவனத்தின் விமானம், இறங்கும் தருணத்தில் வட்டமிடலாயிற்று. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை என்பதே காரணம். விமானி அறையில் இருந்தோர் அனைவரும் அவ்விளக்கிலேயே கருத்தூன்றினர். அதற்கிடையே தானியங்கிக் கருவி தன் பிடியிலிருந்து விலகி, விமானம் சிறிது சிறிதாகத் தாழ்ந்ததை எவரும் கவனிக்கவில்லை. அது சதுப்பு நிலத்தில் மோதிற்று. அதில் இருந்த 176 பேருள் 101 பேர் மாண்டனர். முன்சக்கரம் ஒழுங்காகவே இறங்கியிருந்தது. கெட்டிருந்தது பல்பு மட்டுமே. விளக்கையே பார்த்துக்கொண்டு சாலையைப் பாராதிருப்பவனுக்கு இஃது ஓர் எச்சரிக்கை.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. திறந்த வால்வு ஒன்று மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அணைந்திருந்தது. வால்வுக்கு "மூடு" என்ற கட்டளை போயிற்று என்பதையே அவ்விளக்கு காட்டிற்று. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. பணியாளர் விளக்கை நம்பினர். குளிர்நீர் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் ஒரு பகுதி உருகிற்று. விளக்கு அணைந்திருப்பதாலேயே உள்ளே எல்லாம் நலம் என்று ஆகிவிடாது.

மூன்றாவது, நம் நாட்டில் அண்மையில் நிகழ்ந்தது. 2025 நவம்பரில் மாருதி சுசுகி நிறுவனம் தன் கிராண்டு விட்டாரா வண்டிகளுள் 39,506ஐச் சோதனைக்குத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. எரிபொருள் அளவைக் காட்டும் கருவியும் அதன் எச்சரிக்கை விளக்கும் உண்மை அளவைக் காட்டாமற் போகக்கூடும் என்பதே காரணம். விளக்கும் மனிதன் செய்த கருவிதான், அதுவும் பிழைபடக்கூடும். தவற்றை வெளிப்படையாகக் கூறித் திருத்த முன்வருதல் நேர்மையான வாணிகத்தின் அடையாளம். இத்தகைய அழைப்பு வந்தால், வண்டி நன்றாக ஓடுகிறதே என்று வாளாவிராமல் கொண்டுபோய்க் காட்டுவது உரிமையாளர் கடமை. இச்சோதனைக்குப் பொதுவாகக் கட்டணம் வாங்கப்படுவதில்லை.

அணைப்பவரின் மனச்சான்று

இனிச் சொல்லப்போவது பட்டறையைச் சார்ந்ததன்று; பாவசங்கீர்த்தனத் தொட்டியைச் சார்ந்தது.

குறியெண்ணைப் படிக்கும் சிறு கருவி இன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அதே கருவியால் குறியெண்ணை அழிக்கவும் முடியும். அழித்தவுடன் விளக்கு அணையும். கோளாறு மீண்டும் கண்டறியப்படுவதற்குச் சில ஓட்டங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஒரு காரை விற்றுவிடலாம். சிலர் பல்பையே கழற்றிவிடுகின்றனர். சிலர் விளக்கின்மேல் கறுப்பு நாடா ஒட்டுகின்றனர். முன்னே நாம் எண்ணிக்கொண்ட ஓட்டுநரும் ஒருவேளை இவ்வாறு ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம். வாங்கிய அன்று எரியாத விளக்கு, வாங்கிய வாரத்தில் எரியத் தொடங்கியிருக்கும்.

இது சாமர்த்தியம் என்று சந்தையில் பேசப்படலாம். கிறிஸ்தவ மனச்சான்றின் முன் இதற்கு வேறு பெயர் உண்டு. களவு செய்யாதே என்னும் ஏழாம் கட்டளையும், பொய்ச்சான்று சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளையும் இங்கே ஒருங்கே மீறப்படுகின்றன. விளக்கு ஒரு சாட்சி; அதன் வாயை அடைப்பதும் பொய்ச்சான்றே. பிரேக்கைப் பற்றியோ ஏர்பேக்கைப் பற்றியோ எச்சரிக்கும் விளக்காயின் ஐந்தாம் கட்டளையும் சேர்ந்துவிடுகிறது. 2007 ஜூன் 19 அன்று குடியேறுவோர், பயணிப்போர் மேய்ப்புப் பணிக்கான திருப்பீட அவை, சாலையில் செல்வோர் பற்றிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் ஓட்டுநர்க்கெனப் பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது, கொலை செய்யாதே என்பதே. சாலையில் கொலை என்பது வேகத்தால் மட்டும் நேர்வதன்று. மறைக்கப்பட்ட ஒரு விளக்காலும் நேரலாம்.

தொப்பூர்க் கணவாய் வழியே செல்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரி 24 அன்று அங்கே கட்டுப்பாடிழந்த ஒரு லாரியால் பல வாகனங்கள் மோதுண்டு நால்வர் உயிரிழந்தனர். அந்த நீண்ட சரிவில், ஒருவர் வண்டியின் நிலை அவ்வழியே செல்லும் எல்லாருடைய உயிரையும் தொடுகிறது. என் வண்டி, என் விளக்கு, என் விருப்பம் என்று சொல்ல அங்கே எவர்க்கும் உரிமையில்லை.

பழைய கார் வாங்குவோர் தம்மைக் காத்துக்கொள்ளவும் வழி உண்டு. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுவதற்கு முன், எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும். எரிய வேண்டிய விளக்கு அப்போது எரியாவிட்டால், அது கழற்றப்பட்டதோ என ஐயுறுக. ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று, குறியெண்கள் அழிக்கப்பட்டபின் வண்டி எவ்வளவு தொலைவு ஓடியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுக. பல வண்டிகளில் கணினி அதனையும் சொல்லும். நேற்றுத்தான் அழிக்கப்பட்டது என்று தெரிந்தால், "ஏன்?" என்று கேட்கும் துணிவு வேண்டும். விற்பவர்க்கோ இதனினும் எளிய வழி உண்டு: இந்த வண்டியில் இன்ன குறை இருக்கிறது என்று சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொள்ளலாம். அப்பணம் குறைவாயினும் அதனைக் கொண்டு உண்ணும் உணவு நன்றாகச் செரிக்கும்.

நம் பங்குகளில் புதிய வண்டியைக் கோவில் முன் நிறுத்தி, குருவானவரை அழைத்து மந்திரிக்கச் செய்வது நல்ல வழக்கம். அந்தத் தீர்த்தம் தெளிக்கப்படும் வண்டியின் பிரேக்கும் விளக்கும் ஒழுங்காக இருத்தல் வேண்டும் என்பதும் அச்சடங்கின் உட்பொருளே. இறைவனின் பாதுகாப்பை வேண்டுவோர், தம் கையால் ஆகும் பாதுகாப்பைக் கைவிடலாகாது.

இல்லத்திலும் இவ்விளக்குகள் உண்டு

விட்டு விட்டு எரியும் விளக்குகள் காரில் மட்டுமா இருக்கின்றன? வீட்டுப் பெரியவர்க்குத் திடீரென்று வாய் ஒருபுறம் கோணுகிறது, கை சோர்கிறது, பேச்சுக் குழறுகிறது; சில நிமிடங்களில் யாவும் சரியாகிவிடுகின்றன. "வெயிலில் நின்றதால் வந்த மயக்கம்" என்று அவர் படுத்துக்கொள்கிறார். உண்மையில் அது மூளைக்குச் செல்லும் குருதி சற்று நேரம் தடைப்பட்டதன் அறிகுறி. முழுமையான பக்கவாதம் வரக்கூடிய ஆபத்து அதற்கடுத்த இரண்டு நாள்களில்தான் மிகுதி. அறிகுறி மறைந்துவிட்டது என்பதற்காக மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பது, விளக்கு அணைந்துவிட்டது என்று கணவாயில் இறங்குவதைப் போன்றது. மாடிப்படி ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் மறையும் நெஞ்சுவலியும் அப்படியே. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலும், மாலையில் வந்து காலையில் தணியும் காய்ச்சலும் காசநோய்ச் சோதனையை வேண்டுகின்றன. அச்சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்யப்படுகிறது.

குடும்ப உறவிலும் இத்தகைய விளக்குகள் எரிவதுண்டு. எப்போதும் கலகலப்பாக இருக்கும் மகன் சில நாள்கள் உணவு வேண்டாமென்கிறான், பிறகு இயல்பாகிவிடுகிறான். மனைவி ஒருநாள் கண்கலங்கி, மறுநாள் சிரிக்கிறாள். கேட்டால், "ஒன்றுமில்லை" என்ற விடை கிடைக்கிறது, பட்டறையில் கிடைக்கும் அதே விடை! அணைந்ததே போதும் என்று நாமும் வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகிறோம். மீண்டும் எரியும்போது அருகில் அமர்ந்து, பொறுமையாகக் கேட்டு, எப்போது, எதனால் என்று அன்போடு அறிந்துகொள்ள முயலுவோமானால், பழுது சிறிதாக இருக்கும்போதே சரிசெய்துவிடலாம்.

தொப்பூர் வழியே செல்ல வேண்டிய அந்த ஓட்டுநர்க்கு இப்போது விடை சொல்லலாம். எரிந்தது சிவப்பு விளக்காயின், அல்லது பிரேக்கைப் பற்றியதாயின், நாளைய பயணத்தை வேறொரு வண்டிக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஒருநாள் வருமானம் போனாலும், நம்பி ஏறும் குடும்பம் பிழைக்கும். நிலையான மஞ்சள் விளக்காயின், புறப்படுமுன் ஆயில், பிரேக் ஆயில், குளிர்நீர், டயர் ஆகியவற்றைப் பார்த்து, ஸ்கேனரில் குறியெண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, அது ஆபத்தற்றது என்று மெக்கானிக் உறுதி சொன்னால் நிதானமாகச் சென்று வாருங்கள். திரும்பியதும் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். எவ்வாறாயினும், ஏறுவோரிடம் உண்மையை மறையாதீர்கள்.